வெறுங்கை பிரைவேட் லிமிடெட்

பதிவுக்கு நான்கு பெயர் கேட்டார்கள்,
விருப்ப வரிசையில்.
மூன்றை யோசித்து எழுதினேன்:
கடலரசி, நீலத்தூண்டில், டர்பன் அலை.
நான்காவதற்கு வந்தபோது கரண்ட் போயிற்று.
போன் வெளிச்சத்தில், எரிச்சலில்,
அன்று காலை ஐசிபிங்கோ கரையில்
எனக்குக் கிடைத்ததை எழுதினேன்:
வெறுங்கை.

முதல் மூன்றையும் யாரோ முந்திக்கொண்டார்கள்.
வெறுங்கை முழம் போடுமா என்பார்கள்.
போட்டுப் பார்ப்போம் என்று
வங்கிக்குப் போனேன்.

என்ன தொழில், என்றான் பையன்.
மீன் பிடிப்பது.
விற்பீர்களா?
இல்லை, பெரும்பாலும் திரும்பக் கடலில் விட்டுவிடுவேன்.
அவன் விரல் விசைமேல் நின்றுவிட்டது.
அதை நாற்பத்தோராயிரம் பேர் பார்ப்பார்கள், என்றேன்.
பட்டியலை மேலும் கீழும் உருட்டி
'பிற' என்பதை அழுத்தினான்.

சாட்ஸ்வொர்த் யூனிட் மூன்றில்
மிசஸ் மூட்லியின் கராஜ்தான் அலுவலகம்.
செருப்புப் பெட்டியை அவர் மேசையில் கவிழ்த்தேன்.
மத்தி வாங்கிய ரசீதெல்லாம் உப்பீரத்தில் மை போய்
வெற்றுத் தாளாகக் கிடந்தன.
ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்.
"தூண்டில் இரைதான், நான் நம்புகிறேன்.
வாசனையை வரி அலுவலகத்துக்கு
எப்படி அனுப்புவது, கிருபாஷ்னி?"

கம்பெனி காசில் ரொட்டி வாங்காதே என்றார்.
அன்றிலிருந்து வீட்டில் இன்னொரு ஆள்.
ரொட்டி தின்னாது,
மத்தி மட்டும் தின்னும்.

பைன்டவுனில் தூண்டில்கோல் செய்பவர்கள்
பதினொரு பக்க ஒப்பந்தம் அனுப்பினார்கள்.
ஏழாம் பக்கத்தில்
என் முகமும் குரலும் சிரிப்பும்
பிரபஞ்சம் முழுவதும் என்றென்றைக்கும்
அவர்களுக்கே.

நான் வெருலம் தாண்டியே பல மாதமாகிறது.
சனிக்கிரகத்து வளையத்தில் நின்று
கோல் வீசும் என்னை நினைத்துப் பார்த்தேன்.
'என்றென்றைக்கும்' மேல் கோடு கிழித்து
'ஆறு மாதம்' என்றெழுதினேன்.
பிரபஞ்சத்தை விட்டுவைத்தேன்,
அங்கே போட்டி குறைவு.

மூன்று நாள் பதிலில்லை.
பேராசைக்காரி, கெடுத்துக்கொண்டாயே என்று
என்னை நானே திட்டித் தீர்த்தேன்.
நான்காம் நாள் 'சரி' என்று ஒரே சொல்.
அப்போது வேறு கவலை வந்தது:
இன்னும் கொஞ்சம் அடித்திருக்கலாமோ?

இன்வாய்ஸில் எண் ஒன்று போடாதே,
புதுசு என்று தெரிந்துவிடும், என்றார் மூட்லி.
நூற்றொன்று போட்டேன்.
இல்லாத நூறு பேர்
எனக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

பிறகு பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்:
"படம் பிடிக்கிறானே லுங்கேலோ,
அவனை எங்கே எழுத?"

இரண்டு வருடமாக இடுப்பளவுத் தண்ணீரில்
கேமராவைத் தலைக்குமேல் பிடித்து நிற்பவன்.
காட்சியில் அவன் நிழல் சிலசமயம் விழும்.
ஒருமுறை தும்மினான்.
அந்தத் தும்மலுக்குத்தான் என் மீன்களைவிட
அதிகம் பேர் இதயம் போட்டார்கள்.
அவன் கேட்டதில்லை.
கேட்காததை நான்
நட்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நட்புக்கு என் தாளில் கட்டம் இல்லையம்மா."

அறுபது நாளில் வரவேண்டியது
எண்பத்து மூன்றாம் நாள் வந்தது.
பாறைமேல் நிற்கிறேன், பையில் போன் அதிர்கிறது,
அதே நேரம் கோல் வளைகிறது.
நான் போனைப் பார்த்தேன்.
மீன் போயிற்று.
லுங்கேலோ அதையும் பிடித்துவிட்டான்.

ஒன்பதாயிரம் ராண்ட்.
வரிக்கு இரண்டாயிரத்து இருநூற்றைம்பது தனியே.
லுங்கேலோவுக்கு மூவாயிரம்;
வாங்கியவன் ஒன்றும் சொல்லாமல்
லென்ஸைத் துடைத்தான், வெகுநேரம் துடைத்தான்.
லென்ஸ் தவணை ஆயிரத்து நானூறு,
மிசஸ் மூட்லிக்கு எண்ணூற்றைம்பது.

மீதி ஆயிரத்தைந்நூறு என் சம்பளம்.
சம்பளச் சீட்டில் இரண்டு கோடுகள்:
கொடுப்பவர், பெறுபவர்.
முதல் கோட்டில் முதலாளியாக,
எழுத்தெல்லாம் தெளிவாக, கையெழுத்திட்டேன்.
இரண்டாவதில் கையெழுத்திடுமுன்
தொகையை இன்னொரு முறை பார்த்துவிட்டு
அந்த அம்மாவிடம் கேட்டேன்:
அடுத்த மாதமாவது
கொஞ்சம் கூட்டித் தருவீர்களா?